மாத்திரைகளை ஒளித்து வைத்தேன்!

இந்தப் பத்திரிகைக்கு இதுவரை நான் எழுதி அனுப்பியதெல்லாம் வடாம், வத்தல், ஊறுகாய்க் குறிப்புகள்தான். இந்த முறை வேறு விஷயம். என் நாத்தனாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சில சகோதரிகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்! அந்த ரகமல்ல இது. தப்புச் செய்தவள் நாத்தனார் இல்லை, நான்.

2022-ஆம் வருஷம், கத்திரி வெயில் காலத்தில், அவள் உயிரைக் காப்பாற்றிக் கொண்டிருந்த மாத்திரைகளை எடுத்து உளுந்து டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். ஒரு நாளல்ல, நான்கு நாட்கள். அதுவும் துவேஷத்தினால் இல்லை, பிரியத்தினால்! அவளிடம் சம்மதம் கேட்டுக் கொண்டுதான் எழுதுகிறேன். "பேரும் ஊரும் வேண்டாம் மதினி, மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள். ஆகவே பாப்பா என்றே சொல்கிறேன். வீட்டுக்குக் கடைக்குட்டி, எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

பாப்பாவின் கணவர் 2020-இல் இறந்து போனார். மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். குழந்தை இல்லை. ஒன்றரை வருஷம் அங்கே எப்படியோ காலம் தள்ளிவிட்டு, 2022 தைப் பொங்கலுக்கு ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினாள். பொங்கல் முடிந்து ஒரு வாரமாயிற்று. அவளைத் திரும்பக் கூப்பிட யாரும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆள் பாதியாகியிருந்தாள். சாயங்காலம் நாலு மணி ஆனால் காய்ச்சல். ராத்திரி வேர்த்துக் கொட்டி, ரவிக்கையை மாற்றும்படி ஆகும். இருமல் வேறு. கழுத்தில் இரண்டு பக்கமும் சுண்டைக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. தெரிந்த டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் பெயர் எதற்கு? நல்ல மனிதர்தான். ரத்தசோகை, மனக்கவலை என்று சொல்லி டானிக்கும் இருமல் மருந்துமாக இரண்டு மாதம் ஓடியது. ஒரு தடவையாவது சளியைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்று பஸ்ஸின் முதுகில்கூட எழுதியிருக்கிறது. எனக்கும்தான் தோன்றவில்லை.

பங்குனி மாதம் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். அதன் பிறகுதான் அரசு ஆஸ்பத்திரி. எடை 34 கிலோ. சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். காசநோய் என்று தெரிந்தால் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் பார்ப்பது அங்கே வழக்கம். அதற்காக நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். நம்பிக்கை மையம் என்றால் புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம் அது. அங்கே இருந்த பெண், "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்று என்னை நாசூக்காக வெளியே உட்கார வைத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் அறியாத ரகசியமா என்று!

இரண்டு நாள் கழித்து, கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்தபோது பாப்பாவே வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மதினி, எனக்கு டி.பி. மட்டும் இல்ல."

நான் குழாயை மூடினேன். அவள் சொல்லி முடித்ததும் மறுபடி குழாயைத் திறந்துவிட்டேன். உள்ளே அத்தை இருந்தார்கள், நான் அழுவது கேட்கக் கூடாதே! அவள் கணவருக்கு வந்தது என்ன வியாதி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கும் அப்போதுதான்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கொண்டாள். நான் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட அப்போது சொல்லவில்லை. பின்னால் அவளே சொன்னாள். இதில் ஒரு விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2017-இல் போட்ட சட்டம், 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அந்த நம்பிக்கை மையத்துப் பெண் என்னை வெளியே உட்கார வைத்தது சரிதான்.

அத்தைக்கு டி.பி. மட்டும் தெரியும். அதற்கே தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் என்று ஆரம்பித்துவிட்டார்கள். பெற்ற மகள்தான், ஆனால் பேரப் பிள்ளைகள் இருக்கும் வீடாயிற்றே என்ற பயம். டாக்டரம்மாவிடம் கேட்டேன். காசநோய் காற்றில்தான் பரவும், தட்டிலும் டம்ளரிலும் இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் சில வாரங்களில் பரவும் பயமும் போய்விடும் என்றார். அதோடு ஒரு பழைய கதையும் சொன்னார். 1956-இல் நம் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்களாம். காசநோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தும், பாதிப் பேரை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் வியாதி அதிகமாகத் தொற்றவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்தச் சென்னை ஆராய்ச்சியும் ஒரு காரணம். இதை அத்தையிடம் ஒப்பித்தேன். "அது அந்தக் காலத்து உடம்பு" என்றார்கள். தட்டு மட்டும் தனியாகவே இருந்தது. எச்.ஐ.வி.யும் தட்டால் வராது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாதே!

காசநோய் மாத்திரை ஏப்ரல் முதல் வாரத்தில் ஆரம்பித்தது. எல்லாமே இலவசம். காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். பத்தே நாளில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. தானாகவே எழுந்து வந்து, "மதினி, புளிக்குழம்பு வாசம் தூக்குது" என்று தட்டை நீட்டினாள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம்!

இரண்டு வாரம் ஆனதும் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஆரம்பித்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. அதிலேயே மூன்று மருந்து அடங்கியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு இன்னும் ஒன்று. அது எதற்கு என்று கேட்டேன். காசநோய் மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அது எச்.ஐ.வி. மாத்திரையிலுள்ள டோலுடெக்ராவிர் என்ற மருந்தை உடம்பிலிருந்து சீக்கிரமாக வெளியே தள்ளிவிடும். அதை ஈடுகட்ட 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர். இது தவிர வேறு கிருமிகள் அண்டாமல் இருக்க ஒரு மாத்திரை, வைட்டமின் மாத்திரை. ஒரு சின்ன மருந்துக் கடையே எங்கள் அலமாரியில்!

அப்போது பாப்பாவின் சி.டி.4 எண்ணிக்கை 38. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையின் கணக்கு அது. நல்ல உடம்பில் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். 38 என்றால் கோட்டையில் காவல்காரன் ஏறக்குறைய இல்லை என்று அர்த்தம்.

கூட்டு மருந்து ஆரம்பித்துப் பத்து நாள் ஒரு தொல்லையும் இல்லை. பதினோராம் நாள் ராத்திரி தொட்டுப் பார்த்தேன், உடம்பு அனலாகக் கொதித்தது. 103 டிகிரி. இரண்டே நாளில் கழுத்துக் கட்டிகள் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டன. தோல் சிவந்து, தொட விடமாட்டாள். இருமல் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. புளிக்குழம்பு கேட்டவள் கஞ்சியையும் வேண்டாமென்றாள்.

"ஏத்தா, கண்டமாலைடி இது! எங்க சின்னம்மாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. நல்லா தேறி வந்த புள்ளைய இந்தப் புது மாத்திரை அடிச்சுப் போட்டுருச்சு. கத்திரி வெயிலு, உஷ்ணம் வேற... உடம்பு தாங்குமா?"

அத்தை சொன்னதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது? கணக்கு அப்படித்தானே சொல்லிற்று! காசநோய் மாத்திரை மட்டும் சாப்பிட்டபோது தேறினாள். புது மாத்திரை வந்தது, விழுந்தாள். எந்தப் பெண்ணும் அப்படித்தான் யோசிப்பாள். நேற்று வரை நன்றாக இருந்த குழந்தைக்கு இன்று வயிற்றுப்போக்கு என்றால், நேற்றுப் புதிதாக என்ன கொடுத்தோம் என்றுதானே பார்ப்போம்? போதாக்குறைக்கு, பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தி உடம்பைக் குளிர வையுங்க, அப்புறம் பச்சிலை கொடுக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை பாப்பா மாத்திரை கேட்டாள். நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது.

"டாக்டரம்மாவுக்கு போன் பண்ணிக் கேட்டேன் பாப்பா. காய்ச்சல் விடுற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க."

நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. பண்ணினால் நிறுத்தாதே என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பண்ணவில்லை! புது மாத்திரை, பழைய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெரிய உளுந்து டப்பாவின் அடியில் புதைத்தேன். அந்த வீட்டில் உளுந்து டப்பாவை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை.

அந்த நாலு நாளும் வெட்டிவேர்த் தண்ணீர், இளநீர், நெற்றியில் ஈரத்துணி. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. குறைந்த மாதிரி இருக்கும், ராத்திரி மறுபடி ஏறும். நிறுத்திய பிறகும் ஏன் குறையவில்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். மருந்தின் விஷம் இறங்க நாளாகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

ஐந்தாம் நாள் காசநோய்ப் பிரிவிலிருந்து வாராவாரம் வரும் தம்பி வந்தார். நல்ல பிள்ளை. நாலு பேர் கேட்பார்களே என்று வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். வந்தால் பேசிக் கொண்டே மாத்திரை அட்டைகளை எண்ணுவார். "அட்டையைக் காட்டுங்கக்கா" என்றார். அலமாரியில் இல்லை. நான் சமையலறைக்குப் போய், டப்பாவில் கையை விட்டு எடுத்துக் கொண்டு வந்தேன். அட்டையில் உளுந்து மாவு ஒட்டியிருந்தது. எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"கணக்கு இடிக்குதேக்கா..."

அத்தை எதிரிலேயே உடைந்து அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. பாப்பாவின் கழுத்தைப் பார்த்தார், "கழுத்தை மடக்க முடியுதா? தலை வலிக்குதா? வாந்தி இருக்கா?" என்று அவளிடம் கேட்டார். பிறகு என்னிடம், "நிறுத்தினதுதாங்கக்கா தப்பு. காய்ச்சல் ஏன்னு டாக்டர் சொல்லுவாங்க. ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மார்பு எக்ஸ்ரேயில் ஏப்ரலில் இருந்ததைவிட வெள்ளைத் திட்டுகள் அதிகமாக இருந்தன. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. "நான் நிறுத்தினதாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சும்மா. உங்க வீட்ல வருஷக்கணக்காப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பெருக்கினா என்ன ஆகும்?"

"தூசி பறக்கும், தும்மல் வரும்."

"அதுக்காக வெளக்கமாத்தைத் தூக்கி எறிஞ்சுடுவீங்களா?"

பிறகு பொறுமையாக விளக்கினார். நான் புரிந்து கொண்டதைச் சொல்கிறேன். எச்.ஐ.வி. கிருமி, எதிர்ப்பு அணுக்களை அழித்துக் கொண்டே வருகிறது. உள்ளே காசநோய்க் கிருமி நுரையீரலிலும் நெறிக்கட்டியிலும் கூடாரம் போட்டிருந்தும், எதிர்த்து நிற்க உடம்பில் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் பெரிய சண்டையும் இல்லை, பெரிய வீக்கமும் இல்லை. கூட்டு மருந்து உள்ளே போய் எச்.ஐ.வி.யை அடக்கியதும், சில வாரங்களிலேயே அணுக்கள் தலை நிமிர்கின்றன. நிமிர்ந்தவை சுற்றிலும் பார்க்கின்றன. எங்கே பார்த்தாலும் காசநோய்க் கிருமி! உயிரோடு இருப்பவை மட்டுமல்ல, காசநோய் மருந்தினால் செத்துக் கிடப்பவையும்தான். எல்லாவற்றின் மேலும் ஒரே நேரத்தில் பாய்கின்றன. அந்தச் சண்டைதான் காய்ச்சல், வீக்கம், சீழ் எல்லாம். மருந்து கெட்டுப் போனதால் அல்ல, மருந்து வேலை செய்ததால் வந்த சங்கடம்! டாக்டர்கள் இதைச் சுருக்கமாக ஐரிஸ் என்கிறார்கள். சி.டி.4 மிகவும் குறைந்தவர்களுக்கும், காசநோய் சிகிச்சை ஆரம்பித்துச் சீக்கிரமே கூட்டு மருந்து தொடங்கியவர்களுக்கும் அதிகம் வருமாம். பாப்பாவுக்கு இரண்டும் பொருந்தியது. பெரும்பாலும் கூட்டு மருந்து ஆரம்பித்து முதல் மூன்று மாதத்துக்குள் வரும்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணுக்கு இதிலேயே வேறு தினுசு. அவளுக்குக் காசநோய் இருப்பது யாருக்கும் தெரியாது. எச்.ஐ.வி.க்கு மட்டும் மருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் காய்ச்சலும் இருமலுமாக, உள்ளே ஒளிந்திருந்த காசநோய் வெளியே வந்துவிட்டது. இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைகிறதா, ராத்திரி வேர்க்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் நாலு கேள்வி கேட்கிறார்களே, அது இதற்குத்தான். வரிசையில் நின்ற அலுப்பில் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் பார்த்த மாத்திரத்தில் இது ஐரிஸ்தான் என்று சொல்லிவிட முடியாது. அதற்கென்று தனிப் பரிசோதனை இல்லை. மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோயாக இருந்தால்? கல்லீரல் பாதித்திருந்தால்? வேறு கிருமி புகுந்திருந்தால்? அல்லது என்னைப் போல் யாராவது மாத்திரையை ஒளித்து வைத்திருந்தால்? கட்டியில் ஊசி போட்டுச் சீழை உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள். கழுத்து விறைப்பு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மூளைப் பக்கம் காசநோய் இருந்து அங்கே இந்தச் சண்டை நடந்தால் உயிருக்கே ஆபத்து. காசநோய் மூளை உறையைப் பிடித்தவர்களுக்கு மட்டும் கூட்டு மருந்தைச் சில வாரங்கள் தள்ளி ஆரம்பிப்பது அதனால்தான். நல்ல வேளை, பாப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. மருந்துக்கு அடங்கும் காசநோய்தான் என்றும் தெரிந்தது.

எல்லா மாத்திரைகளையும் அன்றைக்கே மறுபடி ஆரம்பித்தார்கள். ஐரிஸ்தான் என்று உறுதியானதும் கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டு வாரம் ஓர் அளவு, அடுத்த இரண்டு வாரம் அதில் பாதி. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஸ்டீராய்டு என்றதும் சிலர் தாங்களே கடையில் வாங்கப் புறப்படுவார்கள், வேண்டவே வேண்டாம். அடங்காத காசநோயாக இருந்தால் அதுவே எமன் ஆகிவிடும். சர்க்கரையையும் ஏற்றும். பாப்பாவுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை சர்க்கரை பார்த்தார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக் கொண்டே இருந்தது. இப்படிச் சண்டை வரும் என்று தெரிந்திருந்தும் ஏன் இரண்டு வாரத்திலேயே ஆரம்பித்தீர்கள், காசநோயை முழுக்க முடித்துவிட்டு இதை ஆரம்பித்தால் என்ன என்று கேட்டேவிட்டேன். டாக்டரம்மா கோபித்துக் கொள்ளவில்லை. அதையும் கம்போடியா நாட்டில் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்களாம். எதிர்ப்பு சக்தி அடியோடு போன 661 காசநோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு இரண்டு வாரத்தில் கூட்டு மருந்து, மறு பாதிப் பேருக்கு எட்டு வாரம் கழித்து. சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்குத்தான் ஐரிஸ் அதிகம் வந்தது. ஆனால் இறந்தவர்கள்? சீக்கிரம் ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு 18 பேர், காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 27 பேர். 2011-இல் இந்த முடிவு வெளியானது. காய்ச்சலும் வீக்கமும் வந்தாலும் பரவாயில்லை, ஆள் பிழைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் இப்போது, மூளைக் காசநோய் இல்லாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் கூட்டு மருந்தைத் தொடங்கச் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில் 240 பேரை வைத்து இன்னொன்று பார்த்தார்கள். ஐரிஸ் வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, வருவதற்கு முன்பே நாலு வாரம் பிரெட்னிசோன் கொடுத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 33 பேருக்குத்தான். இது 2018-இல் வெளியானது. பாருங்கள், பாப்பா போன்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரக்கூடிய சமாசாரம் இது! நான் என்னவோ எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நம்பிக்கை மையத்துப் பெண்ணிடம் குறைப்பட்டுக் கொண்டேன். "சொன்னோமேம்மா, காய்ச்சலோ கட்டியோ வந்தா நிறுத்தாம ஓடி வரணும்னு" என்றாள். சொல்லித்தான் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருக்கிறேன். கேட்ட பாப்பா, எங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று மென்று விழுங்கிவிட்டாள். ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்து ஆரம்பிக்கிறார்கள் என்றால், அவர் சம்மதித்தால், நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். வரிசையில் வேறு யாராவது நிற்கட்டும்.

வார்டில் வயதான நர்ஸம்மா ஒருவர் இருந்தார். தாம்பரம் சானடோரியத்தில் முன்பு வேலை பார்த்தவர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோய்க்காகவே ஆரம்பித்த இடம் அது. எச்.ஐ.வி. காலத்தில் தமிழ்நாட்டு நோயாளிகளுக்கெல்லாம் அதுதான் புகலிடமாக இருந்தது. "2004 ஏப்ரல் ஒண்ணாந் தேதி அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாக் கொடுக்க ஆரம்பிச்சாங்க, தாம்பரத்துலயும் அன்னிக்குத்தான். அதுக்கு முன்னாடி டி.பி.க்கு மருந்து கொடுப்போம், தேறிப் போவாங்க. அடுத்த வருஷம் வேற ஏதாவதுன்னு வருவாங்க. காசுள்ளவங்கதான் அந்த மாத்திரை வாங்குவாங்க" என்றார். அதைக் கேட்டபோது என் உளுந்து டப்பா நினைவுக்கு வந்து, தலையைக் குனிந்து கொண்டேன்.

ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்தோம். ஸ்டீராய்டு கொடுத்த பசியில் பாப்பா இட்லி இட்லியாக உள்ளே தள்ளினாள். கட்டிகளில் ஒன்று உடைந்து, ஆறுவதற்கு இரண்டு மாதமாயிற்று. இப்போதும் கழுத்தில் தழும்பு இருக்கிறது, சங்கிலி போட்டு மறைத்துக் கொள்வாள். காசநோய் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் அவள் பாங்குக் கணக்கில் வந்தது. (2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.) அதில் முட்டையும் நிலக்கடலையும் வாங்கினோம். அக்டோபர் முதல் வாரம் காசநோய் மாத்திரை முடிந்தது. எடை 46 கிலோ. தீபாவளி கழிந்து எச்.ஐ.வி. கிருமியின் அளவைப் பார்த்தார்கள், பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தது. கூட்டு மருந்து மட்டும் ஆயுசுக்கும் உண்டு. இப்போது வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அத்தை தனித் தட்டை எப்போது எடுத்து உள்ளே வைத்தார்கள் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் பார்த்தேன், எல்லாத் தட்டோடும் சேர்ந்து கவிழ்ந்திருந்தது.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. டாக்டர் நிறுத்தச் சொன்னதாக நான் சொன்னேனே, அந்தப் பொய். மாத்திரையை நான் எங்கோ வைத்திருந்தேன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போன் பண்ணியதாகச் சொன்னது பொய் என்பதை அவளிடம் நான் ஒப்புக் கொள்ளவே இல்லை. வாய் வரை வரும், நின்றுவிடும்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முதல் வாரம். ராத்திரி முறுக்குக்கு மாவு பிசைய உட்கார்ந்தோம். வறுத்து அரைத்த உளுந்து போதவில்லை என்று பெரிய டப்பாவை எடுத்து வந்தேன். பாப்பா டப்பாவையே பார்த்தாள்.

"மதினி, அதுல மாத்திரை இல்லையே?"

சிரித்துக் கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பாப்பா, அன்னிக்கு நான் யாருக்கும் போன் பண்ணல" என்றேன்.

"தெரியும். உங்க போன் அன்னைக்குப் பூரா என் தலமாட்டுலதான் கெடந்துச்சு. டப்பா மூடி சத்தமும் கேட்டேன்."

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

அவள் மாவைப் பிசைந்து கொண்டே இருந்தாள். "அங்கேருந்து தொரத்தியாச்சு. இங்க எல்லாந் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தங்கதான். நீங்களும் கோவிச்சுக்கிட்டா நான் எங்க மதினி போவேன்? செத்தாலும் பரவாயில்லன்னு படுத்துக் கெடந்தேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. கையெல்லாம் மாவு, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அதற்குள் எட்டு மணி ஆகி அவள் போனில் அலாரம் அடித்தது. எழுந்து கையைக் கழுவிக் கொண்டு உள்ளே போய் மாத்திரையைப் போட்டுக் கொண்டு வந்தாள்.

"எண்ணெய் காஞ்சிருச்சு மதினி, பிழியுங்க" என்றாள்.